மெட்டல் டிடெக்டரும் ஒரு பாதிக் காசும்

2018 ஆகஸ்டில் மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கினேன். மைன்லேப் எக்வினாக்ஸ் 800, சந்தைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த மாடல். வேலை நிமித்தம் கேம்பிரிட்ஜுக்குக் குடிவந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஞாயிறுதோறும் சஃபோக் பக்கத்து வயல்களில் பழைய நாணயம் தேடுகிறவர். ஒரு திங்கட்கிழமை காலை, சின்ன டப்பா ஒன்றைத் திறந்து எலிசபெத் ராணி காலத்து வெள்ளிக் காசைக் காட்டினார். முதலாம் எலிசபெத்! அவ்வளவுதான், நானும் மாட்டிக்கொண்டேன்.

இதில் இறங்குகிற எல்லோருக்கும் ஒரு ஹாக்ஸன் கனவு உண்டு. 1992 நவம்பரில், ஹாக்ஸன் என்ற சஃபோக் கிராமத்தில் ஒரு விவசாயி தன் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். டிடெக்டர் வைத்திருந்த அவருடைய நண்பர் எரிக் லாஸ் தேடிக்கொடுக்கப் போனார். கிடைத்ததோ ரோமானியர் காலப் புதையல். பொன்னும் வெள்ளியுமாகச் சுமார் 15,000 நாணயங்கள், நகைகள், வெள்ளிக் கரண்டிகள். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது. லாஸ் கொஞ்சம் தோண்டியதுமே நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து, எது எதன் பக்கத்தில் இருந்தது என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். இந்தக் கடைசி விஷயம் அன்றைக்கு என் மண்டையில் ஏறவே இல்லை.

என் முதல் ஞாயிறு இப்படிப் போனது: நாலு மணி நேரம், முப்பத்தொரு குழி. துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடிப்பாகங்கள் ஐந்தாறு, குளிர்பான டின்னை உழவு இயந்திரம் கிழித்துப் போட்ட அலுமினியச் சில்லுகள், ஒரு டிராக்டர் நட்டு, ஈயக் கட்டி ஒன்று, என் வயதே ஆகாத ஒரு பென்னி. நண்பர் அதே வயலில் எட்டுக் குழிதான் தோண்டினார். அதில் மூன்று நாணயங்கள். ஒரே வயல், என் கருவியோ அவருடையதைவிடப் புதுசு. அப்புறம் எங்கே தப்பு?

வீட்டுக்கு வந்து பின்கட்டுத் தோட்டத்தில் பரீட்சை வைத்தேன். ஒரு ஆணி, அலுமினியத் தாள், மோதிரம் (மனைவியுடையது, அவர் நின்று கண்காணித்தார்), அப்பத்தாவின் சுருக்குப்பையிலிருந்து எனக்கு வந்த ஐந்தாம் ஜார்ஜ் காலத்துக் காலணா என்று ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆழத்தில் புதைத்து, மேலே டிடெக்டரை வீசிப் பார்த்து, நோட்டில் எண் குறித்தேன். அப்போதுதான் இந்தக் கருவி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பது பிடிபட ஆரம்பித்தது.

கொஞ்சம் இயற்பியல் பேசியாக வேண்டும். கம்பின் முனையில் இருக்கிற வட்டத் தட்டுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றில் மாறுமின்னோட்டம் ஓடி, மண்ணுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சின்னச் சின்னச் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கின்றன. அவை தம் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. இரண்டாவது சுருள் அதைக் கேட்கிறது. பதில் எவ்வளவு பலமாக வந்தது என்பது ஒன்று. எவ்வளவு தாமதித்து வந்தது என்பது இன்னொன்று. இந்தத் தாமதத்தைத்தான் கருவி ஓர் எண்ணாக்கித் திரையில் காட்டுகிறது. என்னுடையதில் -9 முதல் 40 வரை. இரும்பு பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கீழே. தடித்த வெள்ளியும் செம்பும் மேலே.

இதே தத்துவத்தில் 1881இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவி செய்தார். சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்பில் குண்டு எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு. கண்டுபிடிக்க முடியவில்லை. மெத்தையின் உலோகச் சுருள்கள் குழப்பின. போதாக்குறைக்கு, குண்டு வலப்பக்கம் இருக்கிறது என்று நம்பிய மருத்துவர் அந்தப் பக்கத்தை மட்டும்தான் தேடவிட்டார். குண்டு இடப்பக்கம் இருந்தது. கருவி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை என்று நினைக்கிறேன்.

சரி, எண்ணுக்கு வருவோம். புதிதாக வருபவர்கள் எண்ணை உலோகத்தின் பெயர் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தத் தாமதம் உலோகத்தின் மின்கடத்தும் திறனை மட்டும் பொறுத்ததல்ல, பொருளின் தடிமன், அளவு, வடிவம், மண்ணில் படுத்திருக்கிறதா செங்குத்தாக நிற்கிறதா எல்லாம் சேர்ந்தது. தகடு மெலிசாக இருந்தால் சுழல் மின்னோட்டம் சட்டென்று அடங்கிவிடும், எண் இறங்கிவிடும். அதனால் மெல்லிய வெள்ளி அலுமினியத் தாள் மாதிரியே பேசும். தங்க மோதிரம் டின்னின் இழுப்பு வளையம் மாதிரி பேசும். பெரிய தட்டையான இரும்பு சில நேரம் வெள்ளி வேஷம் போடும். பரிமாணம் பலவாக இருக்கும் ஒரு விஷயத்தை ஒற்றை எண்ணாக அமுக்கினால் என்ன தொலையும் என்பது சாஃப்ட்வேர்க்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் கையில் திரை இருந்தால் கண் அங்கேதான் போகிறது.

ஆழமும் ஏமாற்றும். தட்டின் அகலத்தைவிட ஆழம் அதிகமானால் சிக்னல் பயங்கரமாக விழும். புலம் போகும்போதும் தூரத்தின் மும்மடியில் குறைகிறது, பதில் திரும்பும்போதும் அப்படியே. தூரம் இரட்டித்தால் பதில் அறுபத்து நாலில் ஒரு பங்கு! பதினொரு அங்குலத் தட்டை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் காசை எட்டு அங்குலத்தில் பிடித்தாலே பெரிய விஷயம்.

நண்பர் எனக்குச் சொன்ன வைத்தியம் எளிது. ஒரு மாதம் திரையைப் பார்க்காதீர்கள், ஹெட்போனில் மட்டும் கேளுங்கள் என்றார். இரும்பை வடிகட்டும் வசதியையும் அணைத்துவிடச் சொன்னார். முதல் இரண்டு வாரம் தலைவலி. ஆணிகளின் கரகரப்பு காதை அறுத்தது. பிறகு மெல்ல வித்தியாசம் தெரிந்தது. வட்டமான பொருள், இடமிருந்து வீசினாலும் வலமிருந்து வீசினாலும், தொண்ணூறு டிகிரி திரும்பி நின்று வீசினாலும், ஒரே மாதிரி வழவழப்பாகப் பாடும். கிழிந்த அலுமினியம் பக்கத்துக்கு ஒரு குரலில் பேசும். வேகமாக வீசினால் இரண்டு ஆணிகளுக்கு நடுவே கிடக்கும் காசு காதுக்கு எட்டாமலே போய்விடும். நிதானமாக வீச வேண்டும், தட்டைத் தரையோடு ஒட்டிக் கொண்டுபோக வேண்டும், ஒரு வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மறைக்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஊரிலிருந்து சிலர் கேட்டார்கள். இங்கிலாந்தில் நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் ஒரு குழியும் தோண்டக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் சிறப்பு அனுமதி இல்லாமல் டிடெக்டரை எடுக்கவே கூடாது, 1979 சட்டம். ஒரே கண்டெடுப்பில் 300 வருடத்துக்கு மேற்பட்ட பொன், வெள்ளிக் காசுகள் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 1996 சட்டப்படி அது புதையல். 14 நாளுக்குள் கரோனரிடம் தெரிவிக்க வேண்டும். கரோனர் என்றால் சந்தேக மரணங்களை விசாரிப்பவரேதான். இந்தியாவில் கதை வேறு. 1878ஆம் வருடப் புதையல் சட்டப்படி, மண்ணிலிருந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் ஊர்க் கோயில் பக்கத்து மேட்டில் இறங்க வேண்டாம்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. கோதுமை அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற இரண்டு வயல்கள், அடுத்த விதைப்புக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அன்று ஒரு ஜார்ஜ் காலத்து அரைப்பென்னி கிடைத்தது, ஒரு பழைய பித்தான். குறைந்த எண்ணில் வந்தவற்றையெல்லாம் "தாள், தாள்" என்று முணுமுணுத்துக்கொண்டே மண்ணோடு குப்பைப் பைக்குள் போட்டேன். தோண்டிய குப்பையை வயலிலேயே விட்டுவரக் கூடாது என்பது ஒழுங்கு. இரவு சமையலறைத் தொட்டியில் அந்தக் குப்பையை அலசும்போது ஒரு சில்லு மட்டும் கசங்கவில்லை. மண் கரைந்தது. பாதி முகம், அதன்மேல் பாதி கிரீடம். பின்புறம் சிலுவையின் கை விளிம்புவரை ஓடியது.

அது உடைந்த காசு அல்ல, வெட்டிய காசு. 1279க்கு முன்னால் இங்கிலாந்தில் புழங்கியது கிட்டத்தட்ட முழுக்க முழுக்கப் பென்னிதான். ஒரு பென்னிக்குக் கீழே சில்லறை வேண்டுமென்றால் சிலுவைக் கோட்டை வழியாக வைத்துப் பாதியாக வெட்டுவார்கள், இல்லை காலாக வெட்டுவார்கள். விளிம்புவரை நீளும் சிலுவை 1247இல் மூன்றாம் ஹென்றி காலத்தில் வந்தது, ஓரத்தைச் சுரண்டினால் தெரிந்துவிடட்டும் என்று. முழுப் பென்னியே ஒன்றரை கிராமுக்கும் குறைவு. என் பாதி, தபால்தலை கனம். அதுதான் தாள் மாதிரி பேசியிருக்கிறது.

ஒவ்வொரு கவுண்டிக்கும் கண்டெடுப்புகளைப் பதிவு செய்யும் அலுவலர் உண்டு. பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் திட்டம், 1997இல் தொடங்கியது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் பதிவாகியுள்ளன. பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பேனாவை எடுத்து, "எந்த இடம்?" என்றார். வயல் பெயரைச் சொன்னேன். அதுகூட இரண்டில் ஒன்று. எட்டு இலக்க வரைபடக் குறியீடு என்றால் பத்து மீட்டர்ச் சதுரம். என்னால் கொடுக்க முடிந்தது நாலு இலக்கம், அதாவது ஒரு கிலோமீட்டர்ச் சதுரம். அவர் திட்டவில்லை. எழுதிக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

ஒரு பாதிக் காசின் இடம் எதற்கு என்று கேட்கலாம். ரெண்டல்ஷமில் நடந்ததைப் பாருங்கள். இதே சஃபோக்தான். திருட்டுத்தனமாகச் சிலர் டிடெக்டரோடு நுழைகிறார்கள் என்று நிலக்காரர் புகார் சொல்ல, 2008இல் கவுண்டி தொல்லியலாளர்கள் நாலு டிடெக்டர்காரர்களைத் தேர்ந்தெடுத்து முறையாகத் தேட வைத்தார்கள். கிடைத்த ஒவ்வொரு துணுக்குக்கும் இடம் குறித்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலும் சின்னச் சின்னச் சாமான்கள். வரைபடத்தில் புள்ளிகளாக வைத்ததும் ஏழாம் நூற்றாண்டு ஆங்கிலோ சாக்ஸன் அரச குடியிருப்பு எழுந்து வந்தது. பீட் என்ற துறவி எட்டாம் நூற்றாண்டில் பெயர் சொல்லி எழுதிவைத்த இடம். கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்து, வியாபாரிகள் கைமாறி வந்த எத்தனையோ சங்க காலக் காசுகளுக்கு இந்தப் புள்ளி இல்லை. அதைப் பற்றி நண்பர்களிடம் பல வருடம் புலம்பியவன் நான். சமயம் வந்தபோது அதையேதான் செய்தேன்.

இப்போது இடுப்பில் சின்ன ஜிப் பைகள், ஒவ்வொன்றிலும் எண். குப்பை, பொக்கிஷம் என்று வயலில் வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. எடுத்ததும் ஜி.பி.எஸ். குறியீட்டைக் குறித்துவிட்டுத்தான் குழியை மூடுவது. மற்றதெல்லாம் வீட்டில். நேரம் இரட்டிப்பாகிறது, கிடைப்பது பாதியாகிறது. 2019 அறுவடைக்குப் பிறகு அந்த இரண்டு வயலையும் கயிறு கட்டி, வரிசை வரிசையாக நாலு ஞாயிறு நடந்தேன். குறைந்த எண்ணில் வந்த நூற்றுப்பதினாலு சிக்னலையும் தோண்டினேன். நூற்றுப்பன்னிரண்டு அலுமினியம். ஒன்று ஈயத்தில் வார்த்த வில்லை. இன்னொன்று, வடக்கு வேலியோரமாக, கால் காசு. வேறு ஒரு பென்னியிலிருந்து வெட்டியது, அதே நீண்ட சிலுவை. இதற்கு எட்டு இலக்கமும் இருக்கிறது. என் பாதிக் காசும் அந்த வேலியோரத்திலிருந்துதான் வந்ததா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். இருக்கலாம், ஆனால் அப்படி எழுத முடியாது என்றார்.