புயற்கூம்பின் ஓரத்தில் வாழ்வோர்

மின்சாரம் வருமுன் நம் வீடுகளில் எரிந்த அரிக்கேன் விளக்கை மாணவர்கள் அறிந்திருக்கலாம். காற்றில் அணையாத அவ்விளக்கின் பெயரில் ஒரு புயல் ஒளிந்திருக்கிறது. அட்லாண்டிக் மாகடலில் எழும் கடும்புயலை ஹரிக்கேன் என்பர். வங்கக் கடலில் எழுவதும் அதே இனத்ததே.

அமெரிக்காவின் தென்கிழக்கிலுள்ள ஃபிளாரிடாவில் ஜூன் முதல் நவம்பர் வரை இதன் பருவம். வருமா, வந்தால் எங்கே வரும் என்னும் ஐயத்தோடே அங்குள்ளோர் ஆறு திங்களைக் கழிக்கின்றனர்.

புயல் தன் வழியைத் தானே வகுத்துக்கொள்வதில்லை. ஆற்றுவெள்ளம் சுழியைக் கொண்டுசெல்வதுபோலச் சூழ்ந்துள்ள பெருங்காற்றோட்டங்களே அதனை ஏந்திச் செல்கின்றன. அவற்றை இன்று அளப்பதில் நேரும் சிறு பிழை, நாளாக ஆகப் பெருகிவிடும். ஆதலின் மயாமியிலுள்ள தேசியப் புயல் மையம், புயலின் பாதையை முன்னே செல்லச் செல்ல அகலும் ஒரு கூம்பாக வரைகிறது.

2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் இயான் புயல் நெருங்கியபோது, முந்தைய ஐந்தாண்டுக் கணிப்புப் பிழைகளை அளந்தே கூம்பின் அகலம் வகுக்கப்பட்டிருந்தது. புயலின் மையம் மூன்றில் இரண்டு பங்கு அதனுள் இருக்கும் என்பதே பொருள். எஞ்சிய ஒரு பங்கு? வெளியேயும் செல்லலாம் அன்றோ!

கூம்பின் நடு, டாம்பா நகர்ப் பக்கம் இருந்தது. அதற்குத் தெற்கே, ஃபோர்ட் மயர்ஸ் அமைந்த லீ மாவட்டம் ஓரத்தில் இருந்தது. நடுவை மட்டும் நோக்கியோர் ஓரத்தை மறந்தனர். அங்கே கட்டாய வெளியேற்ற ஆணை 27-ஆம் நாள் காலையில்தான் பிறந்தது. புயலோ கிழக்கே திரும்பி, மறுநாட் பிற்பகல் அம்மாவட்டத்தின் காயோ கோஸ்டா தீவிலேயே கரையேறியது. ஃபோர்ட் மயர்ஸ் கடற்கரையில் கடல்நீர் தரைக்கு மேல் 10 முதல் 15 அடி வரை உயர்ந்தது. கூம்பு பொய்க்கவில்லை; படித்த விதமே பிழை.

நான் கடற்கரையூர் ஒன்றில் பணியாற்றியபோது, எச்சரிக்கை கேட்டுப் பள்ளியைப் பூட்டினோம். மறுநாள் நல்ல வெயில். பெற்றோர் நகைத்தனர், எனக்கும் நாணமாகவே இருந்தது. அந்த நாணம் வேண்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஃபிளாரிடாவில் கடல் ஏறக்கூடிய நிலங்களை ஏ, பி, சி என எழுத்திட்டுப் பிரித்திருக்கிறார்கள். புயல் எங்கே கரையேறும் என்பது இறுதிவரை ஐயமே. தன் வீடு எந்த எழுத்தில் என்பதைப் பருவத்திற்கு முன்பே அறியலாம். ஆணை வந்ததும் ஏ எழுத்தினர் முதலில் புறப்படுகின்றனர். பல ஆண்டுகளில் ஒன்றும் நேராது திரும்பி, சன்னல்களில் அடித்த பலகைகளைக் கழற்றி அடுத்த பருவத்துக்கென அடுக்கி வைக்கின்றனர்.