குறைந்த விலைக் கார் வாங்குவோர் மறுவிற்பனை மதிப்பைப் பார்க்க வேண்டுமா?

முதன்முதலாகக் கார் வாங்க நினைக்கும் குடும்பத்துக்குத் தவறாமல் கிடைக்கும் ஆலோசனை, "ரீசேல் வேல்யூ உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்" என்பதுதான். இது தவறான ஆலோசனை அல்ல. ஆனால், எத்தனை ஆண்டுகள் கழித்து விற்கப் போகிறோம் என்று யோசிக்காமல் இதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

எந்தக் காராக இருந்தாலும் அதன் மதிப்பு குறைந்துகொண்டேதான் போகும். காப்பீட்டு நிறுவனங்கள் காரின் மதிப்பைக் கணக்கிடும்போது, முதலாண்டு முடிவதற்குள்ளேயே 15 சதவீதமும், ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதமும் தேய்மானமாகக் கழிக்கின்றன. சந்தை விலை மாடலுக்கு மாடல் சற்றுக் கூடும், குறையும், அவ்வளவுதான்.

ஒரு எளிய கணக்கு

7 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய கார் ஐந்து ஆண்டுகளில் 3.5 லட்சத்துக்கு விலை போகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 லட்சத்துக்கு வாங்கிய வேறொரு கார் 2.7 லட்சத்துக்குத்தான் போகிறது. முதல் காருக்கே மறுவிற்பனை மதிப்பு அதிகம். ஆனால் அதில் இழந்தது 3.5 லட்சம், இரண்டாவதில் 3.3 லட்சம். விற்கும்போது கிடைக்கும் தொகையை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது.

எரிபொருள் செலவையும் சேர்த்துப் பாருங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காருக்கும் 20 கிலோமீட்டர் தரும் காருக்கும் இடையே, பெட்ரோல் 100 ரூபாய் என்றால், ஐந்து ஆண்டுகளில் ஒரு லட்சம் ரூபாய் வித்தியாசம் வரும்.

நம் கையில் இல்லாதவை

2021 செப்டம்பரில், மறைமலைநகரில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. உதிரி பாகங்கள் கிடைக்குமா என்ற சந்தேகம் எழுந்தால் பழைய காரை வாங்க வருபவர் தயங்கத்தான் செய்வார். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புதிய காரின் விலை இறங்கினால் பழைய காருக்குக் கேட்கும் விலையும் இறங்கும். இவற்றை முன்கூட்டியே கணிக்க யாராலும் முடியாது.

யார் பார்க்க வேண்டும்?

அடிக்கடி பணியிட மாற்றம் பெறுபவர்கள், வளைகுடாவில் கார் வாங்கி விசா முடிந்ததும் விற்றுவிட்டு ஊர் திரும்ப வேண்டியவர்கள், மூன்று நான்கு ஆண்டுகளில் பெரிய கார் வாங்கத் திட்டமிடுபவர்கள் ஆகியோருக்கு மறுவிற்பனை மதிப்பு மிக முக்கியம். எளிதில் விலை போகும் மாடலே அவர்களுக்கு ஏற்றது.

பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே காரை வைத்திருக்கப் போகும் குடும்பத்துக்கு நிலைமை வேறு. இந்தியாவில் தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அந்த எல்லையை நெருங்கும்போது இரண்டு மாடல்களுக்கும் இடையிலான விலை வித்தியாசம் மிகவும் சுருங்கிவிடும். இவர்கள் மைலேஜ், பக்கத்து ஊரில் சர்வீஸ் சென்டர், உதிரி பாக விலை, பாதுகாப்பு ஆகியவற்றை முதலில் பார்ப்பது நல்லது. 2023இல் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையின் நட்சத்திர மதிப்பீட்டையும் விசாரியுங்கள். என்றோ விற்கும்போது கிடைக்கும் சில ஆயிரங்களுக்காக, தினமும் பயணிக்கும் குடும்பத்தின் பாதுகாப்பில் சமரசம் செய்யக்கூடாது.

எந்தக் காரை வாங்கினாலும் சர்வீஸ் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்; காப்பீட்டைக் காலாவதியாக விடாதீர்கள். கடன் முடிந்ததும் ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை நீக்கிவிடுங்கள். நல்ல விலை கிடைக்க நம் கையில் இருக்கும் வழிகள் இவை.