சிசிக்: புளிப்பில் பிறந்த பன்றிக்கறி

பன்றிக்கறி உண்ணும் வழக்கமில்லாத அன்பர்கள் இந்தக் கட்டுரையின் நடுப்பகுதியைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம். ஆனால் கடைசிப் பகுதியை அவசியம் படிக்க வேண்டுகிறேன். அதில் சைவர்களுக்கும் ஒரு எச்சரிக்கையும், ஒரு பண்டமும் இருக்கின்றன.

நம் பிள்ளைகள் பலர் மருத்துவம் படிக்கப் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போகிறார்கள். போனவர்கள் விடுமுறைக்கு வரும்போது, "அம்மா, சிசிக் செய்யத் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். கணவரின் பணி காரணமாக நான்கு ஆண்டுகள் மணிலாவில் குடியிருந்தவள் என்பதால், அந்த அம்மாக்கள் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்வதைவிட நம் சங்க மலரில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

வெளியூர்ச் சமையலில் எப்போதும் ஒரே கேள்விதான். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது? டில்லியில் குடித்தனம் தொடங்கிய காலத்தில் நல்லெண்ணெய் கிடைக்காமல் கடுகெண்ணெயில் புளிக்காய்ச்சல் கிண்டியவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். சிசிக்கில் எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்கு அதன் பெயரே பதில் சொல்கிறது.

பெயர் வந்த கதை

மணிலாவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் பம்பாங்கா மாநிலத்தின் ஏஞ்சலஸ் நகரம் இருக்கிறது. பம்பாங்கா மக்களின் மொழி கபம்பாங்கன். சமையலில் அந்த நாட்டிலேயே பெயர் பெற்றவர்கள் அவர்கள். டியேகோ பெர்கான்யோ என்ற ஸ்பானியப் பாதிரியார் 1732-இல் வெளியிட்ட கபம்பாங்கன் அகராதியிலேயே 'சிசிக்' என்ற சொல் இருக்கிறது. அங்கே அது இறைச்சியைக் குறிக்கவில்லை. பப்பாளிக்காய், கொய்யாக்காய் போன்றவற்றை உப்பு, மிளகு, பூண்டு, காடி சேர்த்துத் தின்பதுதான் அன்றைய சிசிக். நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கும் மாங்காய்க் கீற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

மசக்கையில் இருக்கும் பெண்களுக்கு வாய்க்குப் பிடித்தது புளிப்பு. அது எந்த நாட்டிலும் அப்படித்தான் போலும். அவர்களுக்கு உடம்புக்கு வலு வேண்டுமென்று வேகவைத்த பன்றிக் காதையும் வாலையும் அந்தப் புளிப்பில் சேர்க்கத் தொடங்கியதாக அங்கே சொல்வார்கள். இப்படித்தான் காய் இருந்த இடத்துக்குக் கறி வந்தது.

ஏஞ்சலஸ் நகரை ஒட்டி கிளார்க் என்னும் அமெரிக்க விமானப்படைத் தளம் இருந்தது. 1991-இல் பினட்டூபோ எரிமலை வெடித்த பிறகு அமெரிக்கர்கள் அதைக் காலி செய்துவிட்டார்கள். தளத்துச் சமையலுக்குப் பன்றித் தலை தேவைப்படாததால், ஊரார் அதை மலிவாக வாங்கிக்கொண்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1970-களில் லூசியா குனானன் என்ற பெண்மணி ரயில் பாதை ஓரத்தில் சிறு கடை வைத்திருந்தார். வேகவைத்த காதையும் கன்னத்தையும் கரியடுப்பில் சுட்டு, பொடியாகக் கொத்தி, வெங்காயமும் புளிப்பும் சேர்த்துக் கொடுத்தார். இன்று நாடு முழுவதும் உண்ணும் சிசிக் இதுதான். எல்லோரும் அவரை 'ஆலிங் லூசிங்' என்று அழைத்தார்கள். 'ஆலிங்' என்பது நாம் 'அக்கா' என்பது போன்ற மரியாதைச் சொல். அவர் 2008-இல் காலமானார். சூடான இரும்புத் தட்டில் சுறுசுறுவென்று பரிமாறும் வழக்கம் பிறகு பரவியது.

இப்போது மணிலா ஓட்டல்களில் மயோனைஸ் கலந்து, முட்டை உடைத்து ஊற்றித் தருகிறார்கள். பம்பாங்காக்காரர்களுக்கு இது பிடிப்பதில்லை. 2017-இல் ஏஞ்சலஸ் நகர சபை தங்கள் 'சிசிக் பாபி'யை நகரத்தின் மரபுச் சொத்தாகவே அறிவித்துவிட்டது. 'பாபி' என்றால் பன்றி. யாரும் வேண்டாமென்று ஒதுக்கிய தலைக்கறியை ஊரின் பெருமையாக்கியவர்கள், அதை வேறு யாரோ மாற்றும்போது சும்மா இருப்பார்களா?

தேவையான பொருட்கள் (ஐந்து பேருக்கு)

தோலோடு கூடிய பன்றியின் வயிற்றுக்கறி – முக்கால் கிலோ
பன்றிக் காது – கால் கிலோ
கோழி ஈரல் – 100 கிராம்
பெரிய வெங்காயம் – 2
பச்சை மிளகாய் – 5
பூண்டு – 8 பல்
இஞ்சி – ஒரு சிறு துண்டு
பிரிஞ்சி இலை – 2
மிளகு – ஒரு தேக்கரண்டி
சோயா சாஸ் – ஒரு மேஜைக்கரண்டி
வினிகர் – 3 மேஜைக்கரண்டி
எலுமிச்சை – 3, ஆரஞ்சு – பாதி
வெண்ணெய், உப்பு – தேவைக்கு

முழுத் தலையை வீட்டில் வைத்துக்கொண்டு போராட வேண்டியதில்லை. வயிற்றுக்கறியும் காதும் சேர்ந்தால் ஏறக்குறைய அதே பதம் வரும். டில்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கிறது. தோலை உரிக்காமல் தரச் சொல்லுங்கள். வெந்த தோலின் பிசுபிசுப்பும், எவ்வளவு வெந்தாலும் நறுக்கென்று கடிபடும் காதின் குருத்தெலும்பும்தான் இந்தப் பண்டத்தின் உயிர். வெறும் சதையில் செய்தால் அது வறுவலே தவிர சிசிக் ஆகாது.

அங்கே பிழிவது 'கலமன்சி' என்ற குண்டுமணி போன்ற சிறு எலுமிச்சை. நமக்கு அது கிடைக்காது. மூன்று பங்கு எலுமிச்சைச் சாற்றுடன் ஒரு பங்கு ஆரஞ்சுச் சாறு கலந்தால் அந்த மணம் ஓரளவு வந்துவிடும். புளியைக் கரைத்து ஊற்றாதீர்கள். அதன் சுவை வேறு.

செய்முறை

காதில் முடி இருந்தால் அடுப்புத் தீயில் வாட்டிக் கத்தியால் சுரண்டுங்கள். உள்மடிப்புகளை உப்பும் வினிகரும் தேய்த்துக் கழுவ வேண்டும். கறியையும் காதையும் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாடை பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

பிறகு புதுத் தண்ணீர், உப்பு, மிளகு பாதி, பிரிஞ்சி இலை, நாலு பல் பூண்டு, இரண்டு மேஜைக்கரண்டி வினிகர் சேர்த்துக் குக்கரில் வையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து இருபத்தைந்து நிமிடம். காதில் கத்தி சுலபமாக இறங்க வேண்டும்.

எடுத்து ஈரம் போகத் துடைத்து ஆறவிடுங்கள். ஈரத்தோடு சுட்டால் கருகுமே தவிர மொறுமொறுப்பு வராது. அங்கீட்டியில் கரி போட்டுச் சுடுவது உத்தமம். இல்லையென்றால் காஸ் அடுப்பில் சப்பாத்தி வாட்டும் கம்பி வலையே போதும். தோல் பொரிந்து அங்கங்கே கருமை தட்டும்வரை திருப்பித் திருப்பிச் சுடுங்கள். கொழுப்பு தெறிக்கும், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

அடுத்தது கொத்துவது. மிக்ஸியில் போடவே கூடாது, கூழாகிவிடும். பருப்பளவு துண்டுகளாகக் கையால்தான் கொத்த வேண்டும். பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். ஈரலைப் பூண்டோடு நன்றாக வதக்கி மசித்துக்கொள்ளுங்கள். மயோனைஸ் இல்லாமலே பண்டம் சேர்ந்து நிற்பது இந்த ஈரலால்தான்.

கொத்திய கறி, ஈரல், பொடியாக நறுக்கிய வெங்காயம், மிளகாய், இஞ்சி, மிச்ச மிளகு, சோயா சாஸ், மிச்ச வினிகர் எல்லாவற்றையும் கலக்குங்கள். இரும்பு தோசைக்கல்லைப் புகைய விட்டு, வெண்ணெய் போட்டு, கலவையைப் பரப்பி மூன்று நான்கு நிமிடம் கிளறாமல் விட்டால் அடிப்பகுதி முறுகும். இறக்கிய பிறகுதான் பழச்சாறு சேர்க்க வேண்டும். அடுப்பிலேயே ஊற்றினால் கசப்புத் தட்டும்.

வேகவைத்தல், சுடுதல், முறுகவைத்தல் என்று மூன்று முறை சமைக்கிறோம். முதலாவது மென்மை தருகிறது, இரண்டாவது புகைமணம் தருகிறது, மூன்றாவது மொறுமொறுப்புத் தருகிறது. அவசரத்துக்கு ஒன்றை விட்டால் சுவையில் ஒன்று குறையும். கொழுப்பு மிகுந்த பண்டம் என்பதையும் மறக்க வேண்டாம். இரத்தக் கொதிப்போ இதய நோயோ உள்ளவர்கள் ருசி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எல்லோருக்குமான குறிப்பு

கறியில் ஜவ்வரிசி போன்ற வெள்ளைக் கொப்புளங்கள் தெரிந்தால் வாங்காதீர்கள். அவை நாடாப்புழுவின் கூடுகள். அரைவேக்காட்டுக் கறியைத் தின்றவரின் குடலில் அந்தப் புழு வளரும். அவருடைய மலத்தின் வழியே முட்டைகள் வெளியேறி, தண்ணீரிலும் தோட்டத்துக் காய்களிலும் கலக்கும். அந்த முட்டைகள் நம் வயிற்றுக்குள் போனால்தான் மூளையில் கட்டி உண்டாகி வலிப்பு வருகிறது. ஆகவே பன்றியைத் தொடாத சைவர்களுக்கும் இந்நோய் வரலாம். பச்சையாகத் தின்னும் கீரை, முள்ளங்கி, கொத்தமல்லியை நன்றாகக் கழுவுவதும், சமைக்குமுன் சோப்பினால் கை கழுவுவதும் எல்லா வீட்டுக்கும் பொதுவான காவல். நான் சொன்னபடி குக்கரில் வேகவைத்த கறியில் இந்தப் பயம் இல்லை.

பன்றி ஆகாதவர்களுக்கும் சிசிக் உண்டு. பிலிப்பைன்ஸிலேயே கோழியிலும், மீனிலும், டோஃபு என்கிற சோயா பனீரிலும் செய்கிறார்கள். டோஃபுவைச் சிறு சதுரங்களாக வெட்டி எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து, காளானை வதக்கிச் சேர்த்து, மற்றதையெல்லாம் ஈரல் இல்லாமல் மேலே சொன்னபடியே செய்யலாம். 1732-இல் காயும் காடியுமாக இருந்த பண்டம்தானே. கறியை மாற்றலாம், அடுப்பை மாற்றலாம், புளிப்பை மட்டும் மாற்றக் கூடாது.

வெறும் சோற்றோடு சாப்பிடுவதுதான் முறை. ஆறினால் கொழுப்பு உறைந்துவிடும். ஆகையால் எல்லோரையும் தட்டோடு உட்காரவைத்துவிட்டு, அப்புறம் கல்லை அடுப்பிலிருந்து இறக்குங்கள்.