பேனா யார் கையில்? – 9

பிள்ளைகளுக்கு உரிமை உண்டு, கையெழுத்துதான் பெரியவர்களுடையது என்பதோடு போன வாரம் நிறுத்தினேன். விட்டுப்போனவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

கார்டியன் அப்பாவா, அம்மாவா என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு வழக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. 2015 செப்டம்பர் 24, உச்ச நீதிமன்றம். மனுதாரர்கள் மூவர். இருவருக்கு வயது ஆறு மாதம். மூன்றாமவர் மூத்தவர், பதினான்கு மாதம்! டெல்லிக் காற்று மூச்சுவிடும்படி இல்லை, பட்டாசைத் தடுங்கள் என்பது கோரிக்கை. வழக்கின் பெயரே ‘அர்ஜுன் கோபால் எதிர் இந்திய அரசு’. இந்திய அரசை எதிர்த்து நின்றவருக்குப் பல் முளைத்திருந்தாலே அதிகம். அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு, உயிர்வாழும் உரிமைக்கு வயது கேட்பதில்லை. வக்காலத்தில் கையெழுத்துப் போடத்தான் 18 ஆக வேண்டும். மூவருக்காகவும் அப்பாக்கள் போட்டார்கள்.

அந்த வழக்கின் 2018 அக்டோபர் 23 தீர்ப்பில், பட்டாசில் பேரியம் உப்பு சேர்க்கத் தடை வந்தது. தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 வரைதான் வெடி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு விடிகாலையில் சரம் கொளுத்துகிற நமக்கு இது ஆகுமா? தமிழ்நாடு அரசு ஓடிப்போய், நேரத்தை மாற்றிக்கொள்ள அனுமதி வாங்கியது. மொத்தம் இரண்டு மணி நேரம் தாண்டக் கூடாது. குயிலாப்பாளையத்தில் காலை ஆறிலிருந்து ஏழு என்று கடிகாரம் பார்த்து வெடிப்பதற்குக் காரணம் அந்த மூன்று கைக்குழந்தைகள்தான்.

பட்டாசு வருகிற சிவகாசிப் பிள்ளைகளுக்கும் ஒரு வழக்கு உண்டு: எம்.சி. மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு, 1996. ஆபத்தான தொழிலில் பிள்ளையை வைத்த முதலாளி, தலைக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. இங்கே மனு போட்டவர் எந்தப் பிள்ளையின் அப்பாவும் அல்ல, ஒரு வழக்கறிஞர். அடுப்பெரியவேண்டி பிள்ளையைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிய அப்பா, அதே பிள்ளைக்காக எப்படிக் கோர்ட்டுக்குப் போவார்? பிள்ளையின் உரிமையைப் பெற்றவர் மட்டுமே கேட்கலாம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாதது இதனால்தான்.

இதை டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பன் தின்றுகொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பையன், “அப்போ நானா ஒண்ணுமே போட முடியாதா சார்?” என்றான். முடியும் தம்பி. தகவல் உரிமைச் சட்டத்துக்குக் குடிமகனாக இருந்தால் போதும், வயது வேண்டாம். தமிழ்நாடு அரசு அலுவலகம் என்றால் வெள்ளைத்தாளில் கேள்வி, மேலே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், அவ்வளவுதான். 2012இல் லக்னோவில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, காந்திக்குத் ‘தேசத் தந்தை’ பட்டம் தந்த ஆணையின் நகலைப் பிரதமர் அலுவலகத்திடம் கேட்டாள். மனு உள்துறைக்குப் போய், அங்கிருந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய், கடைசியில் அப்படி ஓர் ஆவணமே இல்லை என்று பதில் வந்தது.

பக்கம் தீர்ந்துவிட்டது. மகன் பேரில் பத்திரம் வாங்கப்போன எழுத்தாளர் கீதா ஹரிஹரனிடம், அப்பா கையெழுத்து எங்கே என்று ரிசர்வ் வங்கி கேட்ட கதையும் 1999 தீர்ப்பும் அடுத்த வாரம். அதுவரை ஒன்று: மரக்காணம் பக்கம் போகிறவர்கள், பள்ளிக்கூட நேரத்தில் உப்பளப் பாத்தியில் பிள்ளைகளைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். அதற்கு நீங்கள் கார்டியனாக இருக்க வேண்டியதில்லை.