தொழிலும் உடல்நலமும்

உண்ணும் உணவும், உடுக்கும் உடையும், உறையும் மனையும் உழைப்பின் பயனாகவே நமக்குக் கிடைக்கின்றன. கல்லுடைப்போர் இலராயின் சாலை இல்லை. நெசவாளர் இலராயின் ஆடை இல்லை. கழிவகற்றுவோர் இலராயின் நகர வாழ்க்கையே இல்லை. ஆயினும், பிறர் நலமுற வாழ்வதற்காக உழைப்போர், அவ்வுழைப்பினாலேயே தம் நலத்தை இழத்தலும் உண்டு. கல்தூளும், பஞ்சுத் தூசும், நச்சுக் காற்றும், கடும் வெப்பமும் அவர்தம் உடலைச் சிறிது சிறிதாக அரித்துவிடுகின்றன. இவ்வுண்மையை உலகம் தெளிவுற உணர்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று. அவ்வுணர்வை வளர்த்த பெருமை ஓர் எளிய வினாவிற்கு உரியது.

இத்தாலி நாட்டில் கார்ப்பி என்னும் ஊரில் 1633ஆம் ஆண்டில் பிறந்தவர் பெர்னார்தினோ ராமாத்சினி. அவர் மோதெனா நகரில் மருத்துவப் பேராசிரியராக விளங்கினார். ஒருநாள் அவர் இல்லத்துக் கழிவுக் குழியைத் துப்புரவு செய்ய உழைப்பாளர் சிலர் வந்தனர். அவர்களுள் ஒருவர் குழியினுள் நின்று, இளைப்பாறுதலும் இன்றி மிக விரைந்து வேலை செய்தார். அதனைக் கண்ட ராமாத்சினி, இத்துணை விரைவு எதற்கு என்று பரிவுடன் வினவினார். அவ்வுழைப்பாளர் தலை நிமிர்ந்து, நான்கு மணி நேரத்துக்கு மேல் இக்குழியில் நிற்பவர் கண்ணொளியை இழப்பர் என்று விடையிறுத்தார். அவர் கரையேறியபின் ராமாத்சினி அவருடைய கண்களை ஆராய்ந்தார். அவை குருதியெனச் சிவந்து, ஒளி மங்கியிருந்தன. பின்னர் அந்நகரில் அத்தொழில் செய்து பார்வையிழந்து, இரந்துண்டு வாழ்வோர் பலரையும் அவர் கண்ணுற்றார்.

கழிவுப் பொருள்கள் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வளி உண்டாகின்றது. அழுகிய முட்டையின் நாற்றம் உடையது அது. சிறிதளவாயின் கண்ணையும் தொண்டையையும் எரியச் செய்யும். அளவு மிகுந்தால் மூக்கின் மோப்ப ஆற்றலையே மழுங்கச் செய்துவிடும். அந்நிலையில், நாற்றம் நீங்கிற்று என்று கருதி ஆறுதல் கொள்பவர் உண்மையில் பேரிடரின் நடுவே நிற்கின்றார். இன்னும் மிகுந்தால், சில நொடிகளில் நினைவு தப்பி மூச்சும் அடங்கும். இவ்வளி காற்றினும் கனமானது. ஆதலின் குழியின் அடியில் தங்கி நிற்கும். வீழ்ந்தவரைக் காக்க இறங்கியவரும் உடன் மாள்வது இதனாலேயே ஆகும். ராமாத்சினியின் காலத்தவர் இவ்வளி இன்னதென்று அறிந்திலர். ஆயினும், குழியில் இறங்குவோர் வைத்திருந்த செம்புக் காசும் வெள்ளிக் காசும் கறுத்துப் போவதை அவர் கூர்ந்து நோக்கிக் குறித்து வைத்தார்.

பண்டைக் கிரேக்க மருத்துவராகிய ஹிப்பாக்ரட்டீஸ், நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய வினாக்கள் சிலவற்றை வகுத்திருந்தார். அவற்றோடு மற்றொரு வினாவையும் சேர்த்தல் வேண்டும் என்றார் ராமாத்சினி. 'நீர் செய்யும் தொழில் யாது?' என்பதே அவ்வினா. அவ்வினாவை ஏந்தி அவர் தொழிற்கூடங்களுக்குச் சென்றார். குயவர், கல்தச்சர், சுரங்கத் தொழிலாளர், ரொட்டி சுடுவோர், எழுத்தர் முதலிய பலரையும் கண்டு உரையாடினார். மட்கலங்களுக்கு ஈயப்பூச்சு இடுவோரின் கைகள் நடுங்குவதையும், கல்தூளை உள்ளிழுப்போர் மூச்சிரைத்து வருந்துவதையும், நெடுநேரம் நின்றே பணிபுரிவோரின் கால் நாளங்கள் புடைத்துக்கொள்வதையும் விளங்க எழுதினார். நாற்பதுக்கு மேற்பட்ட தொழில்களைப் பற்றிய அந்நூல் 1700ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவரைத் தொழில்வழி நோய் மருத்துவத்தின் தந்தை என்று உலகம் போற்றுகின்றது. நின்று பணிபுரிவோரைக் குறித்து அவர் எழுதியது பழங்கதையாகிவிடவில்லை. கடைகளில் வேலை செய்வோர் அமர்வதற்கு இருக்கை அளித்தல் வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது 2021ஆம் ஆண்டிலேதான்.

நோயின் காரணத்தை அறிந்தால் போதுமோ? போதாது என்பதற்கு இங்கிலாந்தின் வரலாறு சான்றாகும். அந்நாட்டு வீடுகளில் கணப்படுப்பின் புகைபோக்கியைத் துடைப்பதற்கு இளஞ்சிறுவர்களை அதனுள் ஏற்றி வந்தனர். அடுப்புக்கரி அவர்கள் தோலில் படிந்து தங்கும். பல ஆண்டுகள் சென்றபின், அவர்கள் வளர்ந்து ஆளான காலத்தில், அத்தோலில் புற்றுநோய் தோன்றும். இத்தொடர்பை 1775ஆம் ஆண்டில் வெளியிட்டவர் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவால் பாட் என்பவர். எட்டு வயதுக்கு உட்பட்டோரை இத்தொழிலில் சேர்த்தல் கூடாது என்று 1788இல் சட்டம் வந்தது, அதனை மதிப்பாரில்லை. 1840இல் மற்றொரு சட்டம் வந்தது. அதுவும் ஏட்டளவில் நின்றது. 1875ஆம் ஆண்டுச் சட்டமே அக்கொடுமைக்கு முடிவு கட்டியது. காரணம் அறிந்த நாளுக்கும் கொடுமை ஒழிந்த நாளுக்கும் இடையே நூறு ஆண்டுகள் கழிந்தன. அந்நூறு ஆண்டுகளில் நலிந்த சிறுவர் எத்தனை பேர்!

தீக்குச்சியின் வரலாறு மற்றொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சியின் தலையில் வெண்பாஸ்பரஸ் என்னும் நச்சுப்பொருள் சேர்க்கப்பட்டது. அதன் ஆவியை நாள்தோறும் உள்ளிழுத்த தொழிலாளரின் தாடை எலும்பு அழுகி உதிர்ந்தது. 1888ஆம் ஆண்டில் லண்டன் நகரத்துத் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் ஏறத்தாழ 1,400 பெண்கள் வேலை நிறுத்தம் செய்தனர். குறைந்த கூலியையும் தண்டத்தொகையையும் எதிர்த்து எழுந்த அப்பெண்கள் பெற்ற பயன்களுள் ஒன்று, உணவு உண்பதற்குத் தனி அறை என்பதாகும். நஞ்சு படிந்த இடத்திலேயே அதுவரை அவர்கள் உண்டு வந்தனர்! பின்னர் 1906இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் சில, வெண்பாஸ்பரஸ் தீக்குச்சியை விலக்குவதாக உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியாவில் அத்தடை 1913ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1923ஆம் ஆண்டில். அந்நஞ்சு பத்தாண்டுகள் முன்னரே விலக்கப்பட்டமையால், தாடையை அழிக்கும் அந்நோய் நம் ஊர்த் தொழிலாளரை அணுகவில்லை. தீக்குச்சி இன்றும் எரிகின்றது; நஞ்சு மட்டுமே நீங்கிற்று.

இதனால் அறியத்தக்க முறை ஒன்று உண்டு. தொழிலால் நோய் வருமெனின், முதற்கண் அந்நஞ்சையே விலக்கி, அதற்கு ஈடான தீங்கற்ற பொருளைத் தேடுதல் வேண்டும். அஃது இயலாதெனின், மனிதர் செய்யும் வேலையைப் பொறியிடம் ஒப்படைத்தல் வேண்டும். அதுவும் இயலாதெனின், தூசு எழாவண்ணம் நீர் தெளித்தும், காற்றோட்டம் அமைத்தும், வேலை நேரத்தைக் குறைத்தும் காத்தல் வேண்டும். முகமூடியும் கையுறையும் இவற்றுக்கெல்லாம் பின்னர் வரும் கடைசிக் காப்பாகும். முகமூடி ஒன்றைக் கையிற் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருத்தல் தகாது.

மோதெனா நகரத்துக் குழியில் தொடங்கிய இவ்வரலாறு இன்னும் முடியவில்லை. மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவித்தலும், தக்க காப்பின்றிப் பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் அவரை இறக்கித் துப்புரவு செய்வித்தலும் குற்றம் என 2013ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. அங்ஙனம் இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என 2014இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. 2023இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. அதன் பின்னரும் அத்தகைய இறப்புகள் நின்றபாடில்லை. பணம் குடும்பத்தின் வறுமையைச் சிறிது தணிக்கலாம்; தந்தையை மீட்டுத் தரவல்லதோ?

ராமாத்சினி அன்று அக்குழியின் கரையில் நின்றது, அவ்வீட்டின் தலைவர் என்னும் நிலையில் ஆகும். வேலை முடிந்தால் போதும் என்று அவர் உள்ளே சென்றிருக்கலாம். அவரோ நின்று கேட்டார். நம் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பும் நாளில் நாமும் அவ்விடத்தில் நிற்போம். அன்று குறைந்த கூலிக்கு ஆளை இறக்குவதா, கழிவை உறிஞ்சும் ஊர்தியை வரவழைப்பதா என்பது நம் வீட்டு வாயிலிலேயே முடிவாகின்றது. அங்கே ஒருவர் இறங்க முற்படின், அவரைத் தடுத்து நிறுத்துதல் மாணவர்க்கும் உரிய கடமையாகும்.