கித்தார் பிடித்த கைக்கும் சேமநிதி வேண்டும்

"ஏண்டா, இந்தக் கித்தாரப் போட்டு உரசிக்கிட்டே இருந்தா நாளைக்குச் சோத்துக்கு என்னடா செய்வே?"

தோட்டத்து லயங்களில் இந்தக் கேள்வி எழாத வீடு குறைவு. பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, வாளி சுமந்து பிள்ளையை வளர்த்த தாய் தகப்பன் அப்படிக் கேட்பதில் தப்பில்லை. மாதம் முடிந்தால் கைக்குச் சம்பளம் வரவேண்டும் என்பது அவர்கள் பட்டு அறிந்த பாடம். பாட்டும் கொட்டும் திருவிழாவுக்கு. பிழைப்புக்கு வேறு வழி பார்க்க வேண்டும் என்பது நம்மிடையே வேரூன்றிப்போன எண்ணம்.

ஆனால் இதே நாட்டில், நம் இனத்துப் பிள்ளைகளான அண்ணன் தம்பி இருவர், பாட்டையே பிழைப்பாக்கிக் காட்டினார்கள். 'அலிகேட்ஸ்' என்ற பெயரைக் கேட்காதவர் நம்மில் இருக்க முடியாது. பந்துபோல் புசுபுசுவென்று வளர்ந்த சுருட்டை முடியோடு டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் தொலைக்காட்சியில் தோன்றினால், "நம்ம பிள்ளைங்க பாடுதுங்க, வாங்க வாங்க" என்று பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்ட காலம் ஒன்று உண்டு. அந்த வாழ்க்கையைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

பினாங்கு தந்த பிள்ளைகள்

இசைக்குப் பேர்போன ஊர் பினாங்கு. 1929-ல் பி. ரம்லி பிறந்ததும் அங்கேதான். 1960-களில் பீட்டில்ஸ் குழுவின் பாட்டு உலகத்தையே ஆட்டிவைத்தபோது, நம் நாட்டு இளைஞர்களும் கித்தாரும் கையுமாகக் கிளம்பினார்கள். மலாய் இளைஞர் குழுக்களுக்கு 'கூகிரான்' என்றும், அவர்கள் பாடிய பாட்டுக்கு 'பாப் யே யே' என்றும் பெயர் வந்தது. பினாங்கில் கப்பல்காரர்கள் வந்து இறங்குவார்கள். எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய விமானப்படையினர் இருந்தார்கள். இரவு விடுதிகளில் பாட்டுக்கு ஆள் தேவைப்பட்டது.

அந்தச் சூழலில் அறுபதுகளின் இறுதியில் உருவானதே அலிகேட்ஸ். சந்து பொந்துகளில் திரியும் பூனைகள் என்று அந்தப் பெயருக்குப் பொருள். பெயரில் ஆடம்பரம் இல்லை, தொடக்கத்திலும் இல்லை. எழுபதுகளில் ஹாங்காங் வரை போய் விடுதிகளில் வாசித்தார்கள்.

விடுதியில் வாசிப்பது ஏதோ உல்லாசம் என்று நினைத்துவிட வேண்டாம். அதுவும் ஒரு பால்வெட்டுத்தான். ஊர் உறங்கும் நேரத்தில் வேலை. வந்தவர் கேட்ட பாட்டைப் பாட வேண்டும். தெரியாது என்று சொன்னால் நாளைக்கு மேடை வேறொருவருக்கு. பகலில் புதுப் பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ண வேண்டும். டிரம் அடிப்பவரும் பேஸ் கித்தார் வாசிப்பவரும் ஒரே மூச்சாக ஓடவேண்டும். ஒருவர் தடுக்கினால் மொத்தக் குழுவும் விழும். தொண்டை கட்டினாலும், வீட்டில் துக்கம் என்றாலும் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை என்பதுபோல, மேடை இல்லையென்றால் கூலி இல்லை.

மலாய் மொழியில் பிறந்த புகழ்

ஆங்கிலப் பாட்டில் கைதேர்ந்த குழு, எழுபதுகளின் இறுதியில் மலாய்ப் பாட்டுக்குத் திரும்பியது. அங்கேதான் அவர்கள் வாழ்க்கை மாறியது. சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர் போன்றவர்கள் அவர்களுக்கு மெட்டமைத்தார்கள். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளின் குரல், மலாய்க் கம்பத்து வீடுகளிலும் சீனர் கடைகளிலும் ஒரே நேரத்தில் ஒலித்தது. மேடையில் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பேதம் பார்க்காமல் மக்கள் கைதட்டினார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது இங்கே இருக்கிறது. அவர்கள் தங்கள் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. ஆறுமுகம் என்ற தகப்பனார் பெயரோடுதான் நாடறிந்தார்கள். பிறர் மொழியைப் பிறர் மெச்சும்படி கற்றுக்கொண்டார்கள். உழைப்பு இருந்தால் மொழி வேலியாகாது என்பதை அவர்கள் சொல்லவில்லை, செய்து காட்டினார்கள்.

லோகா பிரிந்தார்

2007-ஆம் ஆண்டு ஜூன் மாதம், நுரையீரல் புற்றுநோய் லோகாவைக் கொண்டுபோயிற்று. ஐம்பது வயதைச் சற்றே தாண்டியிருந்தார். 'அன்டாய்ஞா அக்கு பெர்கி டூலு' என்று அலிகேட்ஸ் பாடிய பாட்டு ஒன்று உண்டு. 'நான் முந்திப் போய்விட்டால்' என்று அந்தத் தலைப்புக்கு அர்த்தம். சும்மா கேட்டு ரசித்த அந்தத் தலைப்பு, அன்றைக்குப் பலர் நெஞ்சை அடைத்தது.

தோளோடு தோள் நின்று பாடிய தம்பி போனபிறகு, அண்ணன் மேடையை விட்டுவிடுவார் என்றே பலர் நினைத்திருப்பார்கள். டேவிட் விடவில்லை. குழுவில் ஆட்கள் மாறினார்கள்; பெயரும் பாட்டும் நின்றன. டத்தோ பட்டம் வந்தது. தலை நரைத்த பிறகும் அவர் பாடினார். பக்கத்தில் ஒரு குரல் குறைந்ததைத் தெரிந்துகொண்டே பாடுவது லேசான காரியமா? அண்ணன் தம்பியோடு பிறந்தவர்களுக்கு அது புரியும்.

நம் தோட்டத்துக் கலைஞர்கள்

நாடறிந்த குழுவின் கதை இது. பெயர் தெரியாமல் போனவர்கள் எத்தனை பேர்! மாரியம்மன் திருவிழாவில் விடிய விடிய தவில் அடித்தவர், உறுமி தட்டியவர், ஆர்மோனியத்தில் விரல் தேய்ந்தவர், லாரி மேடையில் நின்று பாடியவர் என்று ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தார்கள். பகலில் மரம் வெட்டிய கைதான் இரவில் கொட்டடித்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குப் போனபோது, அவர்களுடைய மேடையும் போயிற்று.

நமக்குத் தெரிந்த ஒரு தவில்காரப் பெரியவர் சொன்னது மறக்கவில்லை. "பால் வெட்டுனதுக்குச் சேமநிதி வந்துச்சு தம்பி. நாப்பது வருசம் கொட்டடிச்சதுக்கு ஒரு பொன்னாடதான் வந்துச்சு. அதப் போத்திக்கலாம், திங்கமுடியுமா?"

அவர் சொன்னதில் ஒரு முழு உண்மை அடங்கியிருக்கிறது. தொழிலாளிக்கு 1951-லேயே ஊழியர் சேமநிதி வந்துவிட்டது. 1971-ல் சொக்சோ அமைந்தது. ஆனால் மேடைக்கு மேடை கூலி வாங்கும் இசைக் கலைஞனுக்கு முதலாளி கிடையாது. அதனால் சந்தா கட்ட ஆளும் கிடையாது. வானொலியில் பாட்டு ஒலித்தால் உரிமைத்தொகை உண்டே என்பீர்கள். பாட்டெழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் அதை வசூலித்துத் தர 1989-ல் எம்.ஏ.சி.பி. அமைப்பு வந்தது உண்மைதான். கல்யாண வீட்டில் பிறர் பாட்டை வாசிக்கிறவருக்கு அந்த இரவின் கூலி மட்டுமே. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அந்தக் கூலியும் நின்றது. மேடையே இல்லாத மாதங்களை அவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்று நாம் கேட்டோமா?

இப்போது வழி இருக்கிறது. முதலாளி இல்லாதவரும் சேமநிதி வாரியத்தில் தாமாகவே பணம் செலுத்தலாம். சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ சட்டம் 2017-ல் வந்தது. முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கு இருந்த அந்தப் பாதுகாப்பு, பிறகு கலைஞர்கள் உட்படப் பல தொழில்களுக்கும் விரிந்தது. உங்கள் வீட்டில் தவிலோ, கித்தாரோ, கீபோர்டோ வாசிக்கும் பிள்ளை இருந்தால், இந்த வாரமே அலுவலகத்துக்கு அழைத்துப்போய்ப் பதியச் சொல்லுங்கள்.

கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் கல்யாண வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆயிரமாயிரம் வெள்ளி செலவழித்துவிட்டு, மேளக்காரரிடம் போய் ஐம்பது வெள்ளிக்குப் பேரம் பேசாதீர்கள். பேசிய கூலியை அன்றிரவே கையில் கொடுங்கள். மாலை பிறகு போடலாம்.

இனி உங்கள் மகன் கித்தார் கேட்டால், உடனே "வேண்டாம்" என்று விரட்டாதீர்கள். "வாங்கித் தர்றேன்டா. ஆனா வெட்டுக்குப் போற மாதிரி தெனமும் உக்காந்து பழகணும். வர்ற காசுல கொஞ்சம் சேமநிதியில போடணும். சரியா?" என்று கேளுங்கள்.

அதற்குச் சம்மதிக்கும் பிள்ளை, நிச்சயம் பிழைத்துக்கொள்வான்.