மாடு பாஸ், மாமன் ஃபெயில்

உள்ளே விட்டுவிட்டார்கள்! ஊரே சவுக்குக் கட்டைத் தடுப்புக்கு வெளியே முண்டியடித்துக்கொண்டு நிற்க, நாம் வாடிவாசலுக்குப் பின்னால் நிற்கிறோம். விழாக்குழு அண்ணன் ஒருவர் என் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டு, "கம்முனு ஓரமா நில்லுங்க சார், எந்த மாட்டுக்கும் பின்பக்கம் மட்டும் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு மைக்கைத் தேடி ஓடிவிட்டார். வாங்க, சத்தம் போடாமல் என் கூடவே வாங்க. காலைப் பார்த்து வையுங்கள். சாணி இல்லாத இடமாகத் தேடிக் கால் வைத்தால் பொழுது சாய்ந்துவிடும்.

வாலாஜாபேட்டையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிற கிராமம் இது. தை பிறந்துவிட்டால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஊருக்கு ஊர் எருது விடும் விழாதான். மதுரைப் பக்கம் போலத் திமிலைக் கட்டிப்பிடிக்கும் வேலை இங்கே கிடையாது. காளையை அவிழ்த்துவிட வேண்டும், அது தெருவில் நேராக ஓடிக் கோட்டைத் தாண்ட வேண்டும், குறைந்த விநாடி எடுத்த காளைக்கு முதல் பரிசு. 1856-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து சேர்ந்தது வாலாஜா ரோட்டுக்குத்தான். வேகத்தை வேடிக்கை பார்ப்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பழைய பழக்கம்!

வேகத்துக்குப் பரிசு என்று வந்துவிட்டால் கூடவே ஒரு சந்தேகமும் வந்துவிடும்: மாட்டுக்கு என்ன கொடுத்து இட்டுனு வந்தாங்க? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிற மேஜை வாடிவாசலுக்குப் பின்னால்தான் இருக்கிறது. நான் வந்ததே அதைப் பார்க்கத்தான்.

முதலில் வண்டிகள் நிற்கிற இடத்தை ஒரு சுற்று சுற்றிவிடலாம். டாடா ஏஸ், பிக்கப், டிராக்டர் டிரெய்லர் என்று வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு காளை, அதற்கு மாலை, கொம்பில் ரிப்பன், அதைச் சுற்றி ஒரே மாதிரி டீ-ஷர்ட் போட்ட பத்துப் பதினைந்து பிள்ளைகள். டீ-ஷர்ட்டின் முதுகில் காளையின் படம். முதலாளியின் படம் அதைவிடச் சிறியது. ஒரு பையன் காளைக்கு விசிறிக்கொண்டிருக்கிறான். அவனுக்கோ சட்டை முழுக்க வேர்வை. "ராத்திரி தூங்கினியா?" என்று கேட்டேன். "அவன் தூங்கினான்ணா" என்று காளையைக் காட்டினான்.

அவன் விசிறுகிற அந்தச் செவலையின் கழுத்துப் பட்டையைப் பாருங்கள். என்ன பளபளப்பு! இரண்டு வரிசை சலங்கை, எடுப்பான தையல். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் வெட்டுகிற சித்தப்பா ஒருவர் துண்டுத்தோலில் தைத்துக் கொடுத்ததாம். "மாட்டுத் தோலா?" என்றேன். அந்தப் பையன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாயில் விரலை வைத்தான். "மெதுவா பேசுங்கணா, அவன் காதுல விழப்போவுது!"

தீவனம் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு பட்டியல். பருத்திக்கொட்டை, உளுந்து, புண்ணாக்கு, பேரீச்சம்பழம், நாட்டுக்கோழி முட்டை. கிணற்றில் நீச்சல், விடிகாலையில் நடை. "வேற எதுவும்?" என்று இழுத்தேன். எல்லோரும் ஒரே குரலில், "சாமி சத்தியமா ஒண்ணுமில்லை!" அடுத்த நொடியே ஒருவர் காதோரம் வந்து, "எங்க மாட்டுக்கு இல்லை. அந்தக் கடைசி வண்டியைப் பாருங்க" என்றார். கடைசி வண்டிக்குப் போனேன். அவர்கள் முதல் வண்டியைக் கை காட்டினார்கள்.

இதுதான் நான் சொன்ன மேஜை. பிளாஸ்டிக் மேஜை, மேலே சாமியானா, ஒரு நீளமான நோட்டு, வாளித் தண்ணீர், ஆறிப்போன மூன்று டீ. கால்நடை மருத்துவர், இங்கே எல்லோருக்கும் 'டாக்டரம்மா', கையுறையும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு காலையிலிருந்து நின்றபடியே வேலை பார்க்கிறார். 2017-ல் வந்த ஜல்லிக்கட்டு விதிகள் எருது விடும் விழாவுக்கும் பொருந்தும். கால்நடைத் துறை பார்த்து, போதையோ ஊக்கப்பொருளோ எரிச்சலூட்டும் பொருளோ இல்லையென்று சொன்னால்தான் காளை களத்துக்குப் போகலாம். உச்ச நீதிமன்றம் 2014-ல் நிறுத்தி, சட்டசபை 2017-ல் திருத்தம் போட்டு, 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது வரைக்குமான அத்தனை வழக்கும் வந்து நிற்கிற இடம் இந்தப் பிளாஸ்டிக் மேஜை.

சோதனை எப்படி நடக்கிறது என்கிறீர்களா? முதலில் காதில் தொங்கும் மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணை ஒருவர் உரக்கப் படிக்கிறார், இன்னொருவர் எழுதுகிறார், பாதியில் மைக் அலறுகிறது, திரும்பவும் முதலிலிருந்து. அப்புறம் வாலைத் தூக்கித் தெர்மாமீட்டர். மாட்டுக்கு 101.5 டிகிரி வாக்கில் இருந்தால் நல்லது. மாடு பொறுத்துக்கொள்கிறது, பிடித்திருக்கிற பையன்தான் முகத்தைச் சுளிக்கிறான். பிறகு கொம்பு நுனி, குளம்பு, உடம்பில் காயம். கண் இமையை விலக்கி மிளகாய்த்தூள் போட்ட சிவப்பு இருக்கிறதா என்று ஒரு பார்வை. கடைசியாக முக்கியமான கட்டம்: டாக்டரம்மா முகக்கவசத்தைக் கீழே இறக்கிவிட்டு, காளையின் வாய்க்குப் பக்கத்தில் போய் மோந்து பார்க்கிறார்!

ஆமாம். ரத்தம் எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வந்து... அதெல்லாம் இந்த மேஜையில் கிடையாது. கண்ணும் கையும் மூக்கும்தான் கருவி. ஒரு காளைக்குச் சில நிமிடங்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது.

சாமியானாவின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற தாத்தாவைப் பாருங்கள். பேரன் காளையோடு வந்தவர். வாலிபத்தில் கிண்டி ரேஸ் கோர்ஸ் லாயத்தில் குதிரைக்காரராக இருந்தாராம். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து அங்கே பூட்டுப் போட்டபோது டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். டாக்டரம்மா மோந்து பார்ப்பதைக் கண்டு அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அங்கல்லாம் வாயை மோக்கமாட்டாங்க. மூத்திரம் புடிப்பாங்க!"

சொல்லும்போதே எழுந்து நடித்துக் காட்டுகிறார். ரேஸ் முடிந்ததும் ஜெயித்த குதிரையைத் தனிக் கொட்டடிக்குக் கூட்டிப்போவார்கள். வைக்கோல் பரப்பியிருக்கும். நீளக் கைப்பிடி வைத்த குவளையோடு ஒரு ஆள் தயாராக நிற்பார். ஆனால் குதிரைக்கு அவசரம் இருக்க வேண்டுமே! குதிரைக்காரர் மெல்ல விசிலடிப்பார். அடித்துக்கொண்டே இருப்பார். ஜெயித்த முதலாளி வெளியே மாலையோடு போட்டோவுக்கு நிற்பார், உள்ளே இவர் உதடு காய விசிலடித்துக்கொண்டிருப்பார். கிடைத்ததும் இரண்டு பாட்டிலில் பிரித்து, முத்திரை வைத்து, கையெழுத்து வாங்குவார்கள். முதல் பாட்டிலில் ஏதாவது தெரிந்து, முதலாளி மறுத்தால், இரண்டாவது பாட்டிலைத் திறந்து பார்ப்பார்கள்.

தாத்தா அந்த விசிலை அடித்தே காட்டினார். பக்கத்தில் கட்டியிருந்த மயிலைக் காளை சலசலவென்று ஆரம்பித்துவிட்டது. நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர் நாற்காலியோடு நகர்ந்தார். நாமும் நகர்ந்துவிடுவோம்.

குதிரைப் பந்தயத்தில் ஊக்கமருந்து கண்டுபிடிப்பது தனி உலகம். சமையல் சோடாவைக் கரைத்துக் குழாய் வழியாக வயிற்றில் இறக்குவார்கள், களைப்புத் தள்ளிப்போகும் என்று. அதற்கு லாயங்களில் செல்லப்பெயர் 'மில்க் ஷேக்'. அதைப் பிடிக்க ரத்தத்தில் கரியமில வாயுவின் அளவைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 2021 கென்டக்கி டெர்பியில் முதலாவதாக வந்த மெடினா ஸ்பிரிட்டின் ரத்தத்தில் பீட்டாமெத்தசோன் என்ற மருந்து கிடைத்தது. எவ்வளவு? ஒரு மில்லிக்கு 21 பிக்கோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் பிக்கோகிராம். சொறிக்குப் போட்ட களிம்பு என்றார் பயிற்சியாளர் பாப் பாஃபர்ட். 2022 பிப்ரவரியில் வெற்றி பறிபோனது, அவருக்கு 90 நாள் தடை. அதற்குள் குதிரையே செத்துப்போயிருந்தது. ஒன்று கேளுங்கள்: அதன் மேல் பந்தயம் கட்டியவர்களுக்கு அன்றைக்கே கொடுத்த பணத்தை யாரும் திரும்ப வாங்கவில்லை. இரண்டாவதாக வந்து பிறகு வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்ட மாண்டலூன் மேல் முதலிடத்துக்குக் கட்டியவர்களுக்கு ஒரு காசு கிடைக்கவில்லை.

தாத்தாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அது பரவாயில்லை, ராணி கதை தெரியுமா?" என்றார். தெரிந்தேதான் வந்திருந்தேன், இருந்தாலும் அவர் வாயால் கேட்க ஆசை. 2014 ஆஸ்காட் தங்கக் கோப்பையில் எலிசபெத் ராணியின் எஸ்டிமேட் என்ற பெண்குதிரை இரண்டாவதாக வந்தது. முந்தின வருஷம் அதே கோப்பையை ஜெயித்த குதிரை. சோதனையில் மார்ஃபின்! தீவனத்தில் கசகசாச் செடி கலந்துவிட்டது என்று தெரிந்தது, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பதும் ஏற்கப்பட்டது. ஆனாலும் இரண்டாமிடமும் பரிசுப் பணமும் போனதுதான். "ராணின்னாலும் ரூல்ஸு ரூல்ஸுதான்" என்றார் தாத்தா, ஏதோ தானே தீர்ப்பு எழுதியவர் போல.

அப்போதுதான் மேஜைப் பக்கம் ரகளை. ஓடுங்க, ஓடுங்க!

செவலைதான். சலங்கைப் பட்டை போட்ட நம்ம செவலை! டாக்டரம்மா வாயருகே மோந்தவர் நிமிர்ந்து, "சாராய வாடை வருது" என்றார். கூட்டம் ஒரு கணம் பேச்சற்று நின்றது, பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். விசிறிக்கொண்டிருந்த பையனின் முகம் தொங்கிவிட்டது. "மூணு மாசமா கூடவே படுத்துங்கிறேன் மேடம், தண்ணியும் தவுடும் தவிர ஒண்ணும் தரலை" என்று அழாத குறை. வரிசையில் பின்னால் நின்றவர்கள், நியாயமாகவே, "அனுப்புங்க வீட்டுக்கு!" என்றார்கள்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்த தாய்மாமனைப் பார்த்தார். "நீங்க பத்தடி தள்ளிப் போங்க." மாமன் போனார். திரும்ப மோந்தார். "இன்னும் பத்தடி." மாமன் டிராக்டர் வரைக்கும் போனார். மூன்றாவது முறை மோந்துவிட்டு டாக்டரம்மா நோட்டுப் பக்கம் திரும்பிச் சொன்னார்: "மாடு பாஸ். மாமா ஃபெயில்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். மாமனைக் களத்துக்குள் விடுவதில்லை என்று முடிவானது. கயிறு பையன் கைக்கு வந்தது.

சிரித்து முடித்ததும் எனக்கு உடம்பு கொஞ்சம் கூசியது. டாக்டரம்மா இரண்டாவது முறை மோந்து பார்க்கிற ஆளாக இல்லாமல் இருந்திருந்தால்? இங்கே இரண்டாவது பாட்டில் கிடையாது, மேல்முறையீடு கிடையாது, காரணம் எழுதிய ஒரு துண்டுச் சீட்டுகூட நான் பார்த்தவரை யாருக்கும் தரவில்லை. மூன்று மாத உழைப்பு ஒரு மூக்கின் தயவில் இருக்கிறது. மாறாக, நிஜமாகவே ஒருவன் மாட்டுக்கு ஊற்றிக் கொடுத்து மாட்டிக்கொண்டால்? விலங்குக்குக் கெடுதலான மருந்தோ பொருளோ கொடுப்பது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இந்தப் பந்தல் ஓரத்தில் முதல் பரிசு பைக் ரிப்பன் கட்டி நிற்கிறது. சாயம் பூசின கொம்பில் இருக்கிற ரிப்பனே ஐம்பது ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும்.

இருந்தும், கென்டக்கியா இந்தச் சாமியானாவா என்று கேட்டால் நான் சாமியானா பக்கம்தான். அங்கே ஓடிக் களைத்த பிறகு விசாரணை, குதிரை செத்த பிறகு தீர்ப்பு. இங்கே ஓடுவதற்கு முன்பே கயிற்றைப் பிடித்து நிறுத்துகிறார்கள். போதையில் கண் மண் தெரியாத காளை தடுப்பில் மோதிக் கால் ஒடியாமல் இருப்பதும், தடுப்போரம் குழந்தையைத் தோளில் வைத்திருக்கிறவர் வீடு போய்ச் சேர்வதும் அந்த நிமிடத்தில்தான் முடிவாகிறது. அதற்காக ஒரு முதலாளிக்குச் சந்தேகத்தில் ஒரு ஓட்டம் போனால் போகட்டும் என்பேன். ஆனால் கையில் ஒரு சீட்டு கொடுங்கள், மறுபடி பார்க்க இன்னொரு டாக்டரை உட்கார வையுங்கள், அந்த ஐம்பது ரூபாயைத் திருத்துங்கள்.

சரி, செவலை முறை வந்துவிட்டது! இப்படி ஏறி நின்றால் நன்றாகத் தெரியும். பையன் நெற்றியோடு நெற்றி வைத்து ஏதோ சொல்கிறான். பட்டையை ஒரு தட்டு. கயிறு உருவியாயிற்று. சலங்கைச் சத்தம், புழுதி, "விடு விடு விடு" என்ற கூச்சல், அவ்வளவுதான், தெருமுனையில் ஒரு செம்புள்ளி. பலகையில் விநாடி விழுகிறது, மைக்கில் ஒருவர் தப்பாகப் படிக்கிறார், கூட்டம் திருத்துகிறது, அவர் அதையும் தப்பாகப் படிக்கிறார்.

டிராக்டர் மேலிருந்து மாமன் எழுந்து நின்று மேஜையைப் பார்த்துக் கத்தினார்: "டாக்டரம்மா! என்னை வெளிய போட்டீங்க, சரி. அந்த மைக் ஆளையும் ஒரு வாட்டி மோந்து பாருங்க!"